ஆறு சோடிச் செருப்பு

ஆறு சோடி வந்தது, ஆறு சோடி போனது. பலகைத் தட்டு காலி. குகைக் கேட்டைச் சாத்தி, சங்கிலி போட்டு, பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஒரு பிசகும் இல்லை. அப்படியிருந்தும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

கதிரையில் உட்கார்ந்தேன், எழும்பினேன். வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தேன், திரும்பி வந்தேன். ரேடியோவைப் போட்டேன், நிறுத்தினேன். என் பெண்சாதி லீலாதேவி வைத்துவிட்டுப் போன டீ, ஆடை கட்டி ஆறிக் கிடந்தது.

"கால்ல அட்டை ஏறின மாதிரி ஏன் இப்படித் துள்ளுறீங்க? ஒரு எடத்துல குந்துங்களேன்" என்றாள்.

"ஒன் வேலையப் பாரு."

"நல்லாருக்கு! யாரோட சண்டை போட்டுட்டு வந்து யார்கிட்ட எரிஞ்சு விழுறீங்க?"

சண்டை போட்டேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்போல.

என் பெயர் கறுப்பையா. நாவலப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணிநேரம் மலையேறி வந்தால் எங்கள் தோட்டம். தோட்டத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், சொட்டுக்கல் குகை. பதினொரு வருடமாக அதற்குக் காவல் நான்தான். எங்கள் கோயில் கமிட்டி போட்ட வேலை. கண்டியிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் வான் பிடித்து வருவார்கள், கொழும்பிலிருந்து வருவார்கள், வெள்ளைக்காரர்களும் வருவார்கள். வாசலில் ஒரு பெரிய மண்டபம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருநூறு பேரை நிறுத்தலாம். அது பின்பக்கமாகப் பள்ளத்தில் இறங்கி, கடைசியில் ஒரு இடுக்காகக் குறுகும். அந்த இடுக்கில் நாலு காலில் தவழ்ந்து அந்தப் பக்கம் போனால் இன்னும் பள்ளமான உள்மண்டபம். அங்கேதான் அந்தக் கல். கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரில், எத்தனை ஆயிரம் வருடமோ, நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் வெள்ளைக் கல்.

குகை வாசலில் முனியாண்டி இருக்கிறார். அதனால் எல்லாரும் செருப்பைக் கழற்றவேண்டும். முனியாண்டியை நம்பாதவர்களுக்கு வேறு காரணம் வைத்திருக்கிறேன்: உள்ளே பாசி, வெறுங்கால்தான் பிடிக்கும், சப்பாத்தோடு போனால் மூக்கு உடையும். இரண்டில் எந்தக் காரணமானால் என்ன, செருப்பு வெளியே வந்துவிடும். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் நானே அடித்த தட்டில் அதை வரிசையாக வைப்பேன். செருப்பு இருந்தால் ஆள் உள்ளே. தட்டு காலியென்றால் குகை காலி. பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

டிக்கட் கொடுக்கிற துஷானிக்குத்தான் இது பிடிக்காது. கண்டியில் ஏதோ கோர்ஸ் படிக்கிறவள். எல்லாவற்றையும் எழுதவேண்டும் அவளுக்கு. போன மாதம் ஒரு கொப்பி வாங்கி வந்து, பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் என்று கோடு போட்டு வைத்தாள்.

"மாமா, வர்றவங்க பேர இதுல எழுதிட்டா ஒரு பயமும் இல்லல்ல?"

"பேரப் பொய்யா எழுதலாம். செருப்பு பொய் சொல்லாது, புள்ள."

அவள் விடமாட்டாள். பூட்டுகிற நேரம் கேட்டுக்குள் தலையை நீட்டி, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்றுதரம் கத்துவாள். "குகைக்கு குட்நைட் சொல்லிட்டியா?" என்று நான் கிண்டல் பண்ணுவேன். அன்றைக்கு அவளுக்கு வகுப்பு. மூன்று மணி பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள். போகும்போது கொப்பியை என் கையில் திணித்து, "இன்னைக்கு மட்டும் நீங்க எழுதுங்க மாமா" என்றாள். சரி என்று தலையாட்டி, அவள் வளைவு திரும்பியதும் டிக்கட் குடிலின் மேசை லாச்சிக்குள் போட்டேன்.

அவள் போய்க் கால்மணிநேரம்கூட ஆகியிருக்காது. கீழே தேயிலைக்கு நடுவே ஒரு கறுப்பு வேட்டி ஏறி வந்தது. நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் தம்பி யோகராஜ்.

அவனோடு பேசிப் பதினாலு மாதம்.

சொல்கிறேன். யோகராஜ் டவுனில் வான் ஓட்டுகிறான், வெளிநாட்டு ஆட்களை ஊர் சுற்றிக் காட்டுகிறான். நல்ல வாய். அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு குகைக்குள் போய், அந்தக் கல்லைக் காட்டி, இதுக்குக் கீழே இராவணன் தோண்டின சுரங்கம் இருக்கு, கல்லைத் தட்டினா சத்தம் கேக்கும் என்று ஒரு வீடியோ போட்டான். எண்பதாயிரம் பேர் பார்த்தார்களாம். பார்த்தவர்கள் வீட்டோடு இருந்தார்களா? வந்தார்கள். தட்டினார்கள். விரலால் தட்டினவன், டோர்ச்சால் தட்டினவன், கடைசியில் ஒரு சனிக்கிழமை எவனோ கருங்கல்லால் தட்டி, கல்லின் நுனியில் நாலு அங்குலத்தை உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். எத்தனை தலைமுறை சொட்டின நுனி! அன்றைக்கு நான் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன் மாதிரி அந்த மண்டபத்தில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாரம் கோயில் திருவிழாவில், ஊர் பார்க்க, யோகராஜைக் கன்னத்தில் அறைந்தேன். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பெண்சாதி மதுஷாதான் அழுதாள்.

இப்போது மாலை போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். சபரிமலைக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் மூத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போவது வழக்கம். அதற்குத்தான் வருகிறான். எனக்கு உடம்பு பூராவும் சூடேறிவிட்டது. முகத்தைப் பார்க்கக்கூடாது என்று குடிலுக்குள் திரும்பி நின்று, டீக் கேத்தலைக் கழுவ ஆரம்பித்தேன். கழுவின கேத்தல்தான்.

"அண்ணே" என்றான் பின்னால் நின்று. "ஞாயித்துக்கெழம இருமுடி கட்டுறோம். அதுக்கு முன்னாடி ஒங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் கேத்தலைக் கழுவினேன்.

"நான் செஞ்சது பிழைதான் அண்ணே. மன்னிச்சிருங்க."

"என்கிட்ட ஏன் கேக்குற?" கேத்தலைப் பார்த்துத்தான் கத்தினேன். "நான் என்ன ஒடஞ்சா போனேன்? ஒடஞ்ச கல்லு உள்ளுக்கு நிக்குது, போய் அதுகிட்ட கேளு!"

சொல்லிவிட்டு ஜன்னல் பலகையைப் படாரென்று இழுத்துச் சாத்தினேன். இருட்டுக் குடிலுக்குள் மூச்சு வாங்க நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது யாரும் இல்லை. போய்த் தொலைந்தான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் மனதுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நேரம் உள்ளே அக்குறணைக் குடும்பம் ஒன்று நின்றது. ஆறு பேர். பஹீம் என்று ஒரு கடைக்காரர், அவர் பெண்சாதி, பிள்ளைகள். மூன்றரைக்கு இடி இடிக்கத் தொடங்கியதும் ஓடி வந்தார்கள்.

"அண்ண, நல்ல மழ ஒண்டு வருது. நாங்க போறோம்" என்று பஹீம் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் செருப்புமாக இறங்கி ஓடினார். உள்ளே வேறு யாரும் இருக்கிறார்களா என்று அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. நான் தட்டைத்தான் பார்த்தேன். காலி. கேட்டை இழுத்துச் சாத்தினேன். யோகராஜ்மேல் இருந்த ஆத்திரம் முழுவதும் அந்தச் சங்கிலியில் இறங்கியது; கம்பியில் பட்டுக் குகை முழுவதும் கணகணத்தது. பூட்டிவிட்டு மழைக்குள் இறங்கினேன்.

இதுதான் நடந்தது. இதை நினைத்து நினைத்துத்தான் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். எங்கே பிசகு? ஆறு சோடி வந்தது, ஆறு சோடி போனது. மழை இரண்டு மணிநேரமாக ஒரே வீச்சில் அடித்தது. எங்கள் லயத்து வீடுகளுக்கு முன்னால் மழைத்தண்ணீர் ஓடுகிற காண் நிரம்பிச் செம்மண் தண்ணீர் பாதையில் ஏறியது. எனக்கு நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

ஆறு மணிக்கு லீலாதேவியின் போன் அடித்தது. "சொல்லு மதுஷா" என்றாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே என்னைப் பார்த்தாள்.

"ஒங்க தம்பி ஒங்களப் பாக்க வந்தாராமே? இன்னும் வீட்டுக்கு வரலயாம். போனும் வேல செய்யலயாம்."

"வந்தான். போயிட்டான்."

"எங்க போனாரு? வானு கீழ ரோட்டுலயே நிக்குதாம், பஸ் டிரைவர் பாத்துட்டுச் சொன்னாராம்."

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்த வார்த்தை எனக்கே திரும்பக் கேட்டது. உள்ளுக்கு நிக்குது, போய் அதுகிட்ட கேளு.

போயிருக்கிறான். நான் சொன்னேன் என்று போயிருக்கிறான்.

ஆனால் செருப்பு? தட்டில் செருப்பு இல்லையே என்று ஒரு நொடி மனம் பிடிவாதம் பிடித்தது, பாருங்கள். மாலை போட்டவன் காலில் ஏதடா செருப்பு? கார்த்திகையிலிருந்து அவன் வெறுங்காலோடு நடக்கிறான். வான் ஓட்டுவதும் வெறுங்கால். ஊரே பார்த்திருக்கும். நான் ஒருவன்தான் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நின்றவன் காலை எங்கே பார்ப்பது?

சாவியை எடுத்தேன். கை தவறி விழுந்தது. லீலாதேவி குனிந்து எடுத்தாள், டோர்ச்சையும் எடுத்தாள், குடை எடுக்கவில்லை. இரண்டு பேரும் தேயிலைக் குறுக்குப் பாதையில் ஏறி ஓடினோம். பாதி வழியில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. வேணும்னுதானா பூட்டினீங்க?"

"பைத்தியமாடி ஒனக்கு?" என்று கத்தினேன். "சொந்தத் தம்பிய வச்சு எவனாவது பூட்டுவானா?"

அவள் சட்டையை விட்டாள். ஆனால் முகத்தில் அந்தக் கேள்வி போகவில்லை. அந்த நேரத்திலும் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

கேட்டுக்கு வந்தபோது மேல்பாறைத் தண்ணீர் வாசல் வழியாகவே உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. பூட்டைத் திறந்து இறங்கினேன். முழங்கால், இடுப்பு, மார்பு. இடுக்கின் வாயைக் காணோம். தண்ணீர் அதை முழுக்க மூடியிருந்தது. டோர்ச் வெளிச்சத்தில் பாறையும் பழுப்புத் தண்ணீரும்தான் தெரிந்தன.

"யோகா!"

பதினாலு மாதமாக என் வாயில் வராத பெயர். குகை அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. பதில் இல்லை.

"யோகா! டேய், யோகா! பேசுடா!"

பாறைக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். "அண்ணே..."

பின்னால் லீலாதேவி ஓவென்று அழுதுவிட்டாள். எனக்கு அழ நேரமில்லை. தண்ணீர் ஏன் வடியவில்லை? அந்தப் பள்ளத்தில், இடுக்குக்குப் பக்கத்தில், காலுக்கடியில் ஒரு பொந்து இருக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் அதில் இறங்கி மலைக்குக் கீழே எங்கேயோ போய்விடும். மழைக்காலத்துக்கு முன் அதைச் சுத்தம் பண்ணுவது என் வேலை. இந்த வருடம் பண்ணவில்லை. வீடியோ போட்டுக் குப்பைக்காரக் கூட்டத்தைக் கூட்டி வந்தவன் வந்து அள்ளட்டும் என்று வேண்டுமென்றே விட்டேன். வீம்பு. வேறென்ன சொல்ல?

மூச்சைப் பிடித்து மூழ்கினேன். கை பொந்துக்குள் போனது. பிளாஸ்டிக் போத்தல், சோற்றுப் பார்சல் தாள், ரொட்டிப் பை, திரும்பவும் போத்தல். பிடுங்கிப் பிடுங்கிப் பின்னால் எறிந்தேன். லீலாதேவி அவற்றை அள்ளி மேட்டில் போட்டாள். மேலே வந்து மூச்சு வாங்குவேன், மூழ்குவேன். விரல் நகம் கிழிந்தது. எத்தனை தரம் என்று தெரியாது. கடைசியில் ஒரு பெரிய பொலித்தீன் உறை; அதைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை; காலைப் பாறையில் ஊன்றி இழுத்தேன், வந்தது. அது வந்ததும் தண்ணீர் என் காலைச் சுற்றிக்கொண்டு கொடகொடவென்று இறங்கத் தொடங்கியது.

இடுக்கின் மேல்விளிம்பு தெரிந்தது. பிறகு ஒரு சாண். பிறகு ஒரு முழம். நான் காத்திருக்கவில்லை, மூக்கைக் கூரையில் உரசிக்கொண்டு மல்லாந்தபடியே அந்தப் பக்கம் போய் விழுந்தேன்.

யோகராஜ் அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்தபடி அதன் அடிப்பீடத்தில் நின்றான். தண்ணீர் அவன் வயிற்றுக்கு இருந்தது. பாறையில் ஈரம் ஏறியிருந்த கோடு அவன் கழுத்துக்கு இருந்தது. பல் கிட்டி நடுங்கினான். அவனைக் கல்லிலிருந்து பிரித்தெடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தோளில் சாய்த்துக்கொண்டு, இடுக்கு வடியும்வரை நின்று, தவழ வைத்து, வெளி மண்டபத்துக்குக் கொண்டு வந்தேன். லீலாதேவி தன் சேலைத் தலைப்பைப் பிழிந்து அவன் தலையைத் துவட்டினாள்.

அவன் உயிரோடிருக்கிறான் என்று கண்ணால் பார்த்ததும் என் கோபம் திரும்ப வந்துவிட்டது. என் சாபக்கேடு அது.

"அறிவிருக்காடா ஒனக்கு? நான் பூட்டும்போது ஒரு சத்தம் போட்டிருக்கக்கூடாதா? சங்கிலிச் சத்தம் கேக்கலயா?"

"கேட்டுச்சு அண்ணே."

"கேட்டுட்டுமா பேசாம இருந்த?"

அவன் என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு முறைப்பும் இல்லை, ஒரு குத்தலும் இல்லை.

"நீங்க வேணும்னுதான் பூட்டுறீங்கன்னு நெனச்சேன். கல்லுகிட்டயே கெடன்னு. சரி, நான் பண்ணினதுக்கு அதுவும் சரிதான்னு இருந்தேன். கோவம் ஆறினதும் வந்து தொறந்துருவீங்கதானே?" நடுக்கத்தில் நிறுத்தினான். "அப்புறந்தான் தண்ணி ஏறிச்சு. அப்ப கூப்பிட்டேன். நீங்க போயிட்டீங்க."

இல்லைடா, எனக்குத் தெரியாது, ஆறு சோடி வந்தது, ஆறு சோடி போனது என்று சொல்ல வாயெடுத்தேன். லீலாதேவியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் தூக்கி வளர்த்த தம்பியும், இருபத்தாறு வருடம் என்னோடு குடும்பம் நடத்தினவளும், இரண்டு பேரும் தனித்தனியே ஒன்றைத்தான் நினைத்திருக்கிறார்கள். கறுப்பையா என்றால் செய்வான் என்று. அதில் அவர்களுக்கு ஆச்சரியமே இல்லை. எனக்கு நெஞ்சு உடைந்துவிட்டது.

யோகராஜ் பாறையைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழந்தாளிட்டான். வந்த காரியத்தை முடிக்கப் பார்க்கிறான் என்று விளங்கியது. என் காலைத் தொட வந்தான்.

"வேணாம்" என்று அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தி, ஒரு கல்மேட்டில் உட்கார வைத்தேன். அவன் முன்னால் நான் குந்தினேன். மாலை போட்டவனை வயதுக்கு மூத்தவனும் சாமி என்றுதான் கூப்பிடவேண்டும். அதுவரை நான் கூப்பிடவில்லை.

"சாமி" என்றேன். "நான் ஒன் காலப் பாக்கலடா, சாமி."

டோர்ச் வெளிச்சத்தை அவன் பாதத்தில் அடித்தேன். தண்ணீரில் ஊறி வெளுத்து, சுருங்கி, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. இடது குதிகாலில் ஒரு அட்டை குடித்துப் பருத்துப்போய்த் தொங்கியது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரத்தம் நிற்கும்வரை அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.